கதவுக்கு வெளியே கேட்கும் சத்தம்

சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827 முதல் நிற்கிறது. கப்பலில் வந்திறங்கிய தமிழர்களுக்கு அது வழிபடும் இடம். வேலையும் கூரையும் கிடைக்கும்வரை ஒண்டிக்கொள்ளும் இடமும்கூட. கோயிலைச் சுற்றி வளர்ந்த சைனாடவுனைச் சீனர்கள் 'நியூ சே ஷுய்' என்றார்கள், மலாய்க்காரர்கள் 'கிரேத்தா ஆயர்' என்றார்கள். மாட்டு வண்டியில் தண்ணீர் வந்த காலத்தை இரண்டு பெயர்களும் நினைவு வைத்திருக்கின்றன.

அதே சாலையில் 2001 மே 31 விடியற்காலையில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் குத்திக் கொல்லப்பட்டான். தேசிய இளையர் அணிக்காகக் காற்பந்து ஆடியவன். உடன் இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். தாக்கியவர்கள் '369' என்ற எண்ணையே பெயராகக் கொண்ட குண்டர் கும்பலைச் சேர்ந்தவர்கள். ஹொக்கியனில் அந்த எண்களைச் சொன்னால் 'சா லாக் காவ்'. நண்பர்கள் இருவரும் தாக்கப்பட்டும் எப்படியோ தப்பினார்கள். அடுத்த ஆண்டு, தாக்கியவர்களில் ஒருவருக்கு ஆயுள் சிறை விதிக்கப்பட்டது.

குற்றப் பதிவேட்டில் இதற்கு ஒரு வழக்கு எண் இருக்கும். இறந்தவர் இத்தனை பேர், கைதானவர் இத்தனை பேர் என்று கணக்கு முடிந்துவிடும். அந்தக் கணக்கில் சேராதவர்களைப் பற்றியது இந்த அத்தியாயம். தப்பி ஓடிய நண்பர்கள் அடுத்த வாரம் எப்படித் தூங்கியிருப்பார்கள்? அவனோடு பந்து ஆடியவர்கள் பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் எத்தனை மாதம் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? வன்முறை யார் உடலில் விழுந்தது என்று காவல்துறை எண்ணுகிறது. அது யார் காதிலும் கண்ணிலும் விழுந்தது என்பதை அறிவியல் சென்ற சில பத்தாண்டுகளாகத்தான் எண்ணத் தொடங்கியிருக்கிறது.

தேர்வுத் தாளில் விழும் நிழல்

சமூகவியலாளர் பாட்ரிக் ஷார்க்கி 2010இல் வெளியிட்ட ஆய்வின் அமைப்பு எளிமையானது. சிகாகோ நகரப் பிள்ளைகளுக்கு வாசிப்புத் திறனையும் சொல்வளத்தையும் அளக்கும் தேர்வுகள் எந்தெந்த நாளில் நடந்தன என்ற பட்டியலை எடுத்தார். அவர்கள் குடியிருந்த தெருக்களில் எந்தெந்த நாளில் கொலை நடந்தது என்ற பட்டியலை அதன் பக்கத்தில் வைத்தார். ஒரு பிள்ளையின் தேர்வு கொலைக்கு முந்திய வாரம் வருமா, பிந்திய வாரம் வருமா என்பது தற்செயல். ஒரே வட்டாரம், ஒரே மாதிரியான குடும்பங்கள், நாள் மட்டும் வேறு.

கொலை நடந்த சில நாட்களுக்குள் தேர்வு எழுதிய கறுப்பினப் பிள்ளைகளின் மதிப்பெண் தெளிவாகச் சரிந்திருந்தது. கொலையைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. பக்கத்தில் குடியிருந்ததே போதுமாக இருந்தது.

அந்த வாரம் அந்தப் பிள்ளைகளின் அறிவு எங்கே போனது? எங்கும் போகவில்லை. அதற்கு வேறு வேலை வந்துவிட்டது. வாசலை, ஜன்னலை, மாடிப்படியில் ஏறும் காலடியை அது காவல் காத்துக்கொண்டிருந்தது. பிற்பாடு வந்த இன்னோர் ஆய்வில், பதின்ம வயதினரின் தூக்கத்தைக் கைக்கடிகாரம் போன்ற கருவியாலும், மனஅழுத்த ஹார்மோனான கார்ட்டிசோலை உமிழ்நீரிலும் அளந்தார்கள். வீட்டருகே வன்முறைக் குற்றம் நடந்த இரவுகளில் அவர்கள் தாமதமாகத் தூங்கினார்கள். மறுநாள் காலை கார்ட்டிசோலின் ஓட்டமும் மாறியிருந்தது.

சிங்கப்பூரில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுதும் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு எத்தனை குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது நமக்குத் தெரியும். முந்திய இரவு வீட்டுக்குள் கைகலப்பைப் பார்த்த பிள்ளையும் அதே மண்டபத்தில், அதே கேள்வித்தாளோடுதான் உட்கார்ந்திருக்கிறது. மதிப்பெண் வரும்போது பிள்ளையின் பெயர் மட்டும் அச்சாகும். அந்த இரவு எங்கும் அச்சாகாது.

கோபத்தை முதலில் கண்டுபிடிக்கும் கண்

அமெரிக்க உளவியலாளர் செத் பொல்லாக் சிறுவர்களுக்குத் திரையில் முகங்களைக் காட்டினார். முதலில் முகம் கலங்கலாக இருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். என்ன உணர்ச்சி என்று தெரிந்தவுடன் சொல்ல வேண்டும். மகிழ்ச்சியையும் பயத்தையும் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. கோபத்தில்தான் வேறுபாடு வந்தது. வீட்டில் அடிபட்டு வளர்ந்த பிள்ளைகள், படம் இன்னும் கலங்கலாக இருக்கும்போதே 'கோபம்' என்றார்கள்.

இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் புருவம் சுருங்கும் அந்த நொடியை முதலில் கண்டுகொள்பவனுக்குத்தான் தங்கையை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஒளிய நேரம் கிடைக்கும். அவன் மூளை தன் வீட்டுக்கு ஏற்றபடி பழகியிருக்கிறது. லண்டனில் ஈமன் மெக்ரோரியும் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பழக்கத்தை மூளைக்குள்ளேயே காட்டியது. குடும்ப வன்முறையைச் சந்தித்த சிறுவர்கள் கோப முகங்களைப் பார்த்தபோது, ஆபத்தை உணர்த்தும் அமிக்டலாவும் முன்புற இன்சுலாவும் மற்றச் சிறுவர்களைவிட அதிகமாக இயங்கின. போர்முனையிலிருந்து திரும்பிய படைவீரர்களிடம் காணப்பட்ட அதே வடிவம். இத்தனைக்கும் அந்தச் சிறுவர்கள் யாருக்கும் மனநோய் என்று மருத்துவர்கள் சொல்லவில்லை. வெளியே பார்த்தால் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள்.

சிக்கல், அதே கண்ணோடு வீட்டைவிட்டு வெளியே வரும்போது தொடங்குகிறது. உணவங்காடியில் ஒருவன் சும்மா பார்க்கிறான். அந்தப் பார்வை கலங்கலாக இருக்கும்போதே இவன் மூளை 'கோபம்' என்று சொல்லிவிடுகிறது. "என்ன முறைக்கிறாய்?" சிங்கப்பூரில் எத்தனையோ இளையர் சண்டைகள் ஒரு முறைப்பில் தொடங்கியிருக்கின்றன. சிறுவயதில் அவனைக் காப்பாற்றிய திறமை, பதினாறு வயதில் அவனை லாக்கப்பில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது.

எல்லாருக்கும் பயம் இப்படிக் கூர்மையாவதில்லை. சிலருக்கு அது மரத்துப்போகிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் சில்வி ம்ரூக் தலைமையில் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். பதினொரு வயதில் மிக அதிக வன்முறையைச் சந்தித்தவர்கள், பதின்மூன்றில் கவலையோ சோர்வோ பெரிதாகக் காட்டவில்லை. பதினெட்டில் அவர்களிடமே வன்முறைச் செயல் கூடியிருந்தது. "இவனுக்கு ஒன்றும் பாதிக்கவில்லை, கல்லு மாதிரி இருக்கிறான்" என்று நாம் நிம்மதிப்படும் பிள்ளையைத்தான் உண்மையில் கவலையோடு பார்க்க வேண்டும்.

ஜன்னலில்லாத அறையும் எண்ணைப் பெயராகக் கொண்ட கும்பலும்

இந்தக் கண்ணோடும் இந்த மரத்துப்போன மனத்தோடும் தெருவுக்கு வரும் பையனுக்குச் சைனாடவுன் ஒரு காலத்தில் என்ன வைத்திருந்தது என்று பார்ப்போம்.

1950களின் நடுவில் பாரிங்டன் கே என்ற சமூகவியலாளர் சைனாடவுனின் அப்பர் நான்கின் ஸ்திரீட்டை வீடுவீடாக ஆராய்ந்தார். அந்த நூல் 1960இல் வெளிவந்தது. கடைவீடுகளின் மாடிகள் பலகைத் தடுப்புகளால் சிறுசிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பலவற்றுக்கு ஜன்னல் கிடையாது. ஓர் அறையில் ஒரு முழுக் குடும்பம். சமையலறையும் கழிவறையும் எல்லாருக்கும் பொது. அப்படிப்பட்ட இடத்தில் பதின்ம வயதுப் பையனுக்கு வீடு என்பது படுக்கும் இடம் மட்டுமே. விழித்திருக்கும் நேரமெல்லாம் ஐந்தடிப் பாதையும் தெருவும்தான்.

தெருவுக்கோ முன்பே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். புலம்பெயர்ந்த சீனர்களுக்குத் தொழிலும் பாதுகாப்பும் ஈமச் சடங்கும் ஏற்பாடு செய்த இரகசியச் சங்கங்களை 1890இல் பிரிட்டிஷ் அரசு தடை செய்தது. சடங்குகள் தேய்ந்தன. இடத்தைப் பங்கு போட்டுக் காவல் பணம் பிடுங்கும் கும்பல்கள் மிஞ்சின. 1950களில் அவற்றின் மோதல் உச்சத்துக்குப் போனது. 1955இல் வந்த குற்றவியல் தற்காலிகச் சட்டத்தில், விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அதிகாரம் 1958இல் சேர்க்கப்பட்டது. அப்படித் தடுத்துவைக்கப்பட்டவர்களைக் கடின உழைப்பால் திருத்தலாம் என்ற நம்பிக்கையோடு 1960இல் புலாவ் செனாங் தீவில் முகாம் தொடங்கினார்கள். 1963 ஜூலையில் அங்கே கலவரம் வெடித்து, முகாம் கண்காணிப்பாளர் டேனியல் டட்டன் கொல்லப்பட்டார். 1965இல் 18 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

ஒரு பையன் ஏன் கும்பலில் சேர்கிறான் என்ற கேள்விக்குப் பணம், வீரம், கெட்ட சகவாசம் என்று பெரியவர்கள் விடை சொல்வார்கள். பையனின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. பள்ளிக்குப் போகும் வழியில் இரண்டு முறை அடி வாங்கியவனுக்கு, "நான் இன்ன நம்பர்" என்று சொல்ல முடிவதே கவசம். அப்பா இல்லாதவனுக்கும், இருந்தும் இல்லாதவனுக்கும் கும்பலின் 'அண்ணன்' சோறு வாங்கித் தருகிறான், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். சீனப் பெயரும் சீன எண்ணும் கொண்ட கும்பல்களில் பிற்காலத்தில் மலாய், இந்திய இளையர்களும் சேர்ந்ததை இந்தப் பசியை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். இரத்த உறவோ மொழியோ குறுக்கே நிற்கவில்லை. தனியாக இருக்கும் பயம் எல்லா இனத்துக்கும் பொது.

வயதும் இதற்கு ஒத்துழைக்கிறது. பருவமடையும்போது மூளையின் வெகுமதி அமைப்பு சட்டென்று சூடேறுகிறது. "பொறு, யோசி" என்று தடுக்கும் முன்மூளைப் புறணி இருபதுகளின் நடுப்பகுதி வரை மெதுவாகத்தான் முதிர்கிறது. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 2005இல் வெளியிட்ட சோதனையில், கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைப் பல வயதினரை ஆடச் சொன்னார்கள். தனியாக ஆடும்போது 13 முதல் 16 வயதுக்காரர்கள் பெரியவர்களைவிட மிகவும் வேறுபடவில்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்த்தபோது அவர்கள் எடுத்த ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பானது. பெரியவர்கள் யார் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் ஓட்டினார்கள். தனியாக விட்டால் வீட்டுக்குப் போயிருக்கக்கூடிய பையன்கள் எட்டுப் பேராகச் சேர்ந்தால் ஏன் பராங் கத்தியைத் தூக்குகிறார்கள் என்பதற்கு இங்கே ஒரு பாதி விடை இருக்கிறது.

அமைதியான நகரத்தில் சிவப்புச் சாயம்

இன்றைய சிங்கப்பூர் உலகிலேயே கொலை மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று. நள்ளிரவில் பெண்கள் தனியாக நடந்து போகிறார்கள். சைனாடவுனின் ஜன்னலில்லாத அறைகள் போய்விட்டன, கடைவீடுகளில் தங்கும் விடுதிகளும் காப்பிக்கடைகளும் வந்துவிட்டன. 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஒரு தலைமுறைக்குள் நகரத்தையே அடுக்குமாடிக்கு மாற்றியது. வீடும் பள்ளியும் ஆலை வேலையும் கடுமையான சட்டமும் சேர்ந்து வந்தபோது கும்பல்கள் சுருங்கின. பிள்ளைகளின் மூளை இரண்டு தலைமுறையில் மாறிவிடவில்லை. அதைச் சுற்றி இருந்தவை மாறின. அந்தத் தெருப் பிள்ளைகளைப் 'பிறவியிலேயே முரடர்கள்' என்று ஒரு காலத்தில் சொன்னவர்களுக்கு இந்த மாற்றமே மறுப்பு.

ஆனால் கோயிலிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஜாலான் குக்கோ வரும். ஓரறை, ஈரறை வாடகை வீடுகள் அடுக்கடுக்காக நிற்கும் பேட்டை. ஓரறை வீடு என்றால் பெரும்பாலும் 30 சதுர மீட்டரை ஒட்டியது. அதில் ஆறு பேர் இருந்தால், யாருடைய கோபத்துக்கும் தனி அறை கிடையாது. பணக்கார வீட்டிலும் கணவன் மனைவியை அடிக்கிறான். அங்கே பிள்ளைக்கு மூடிக்கொள்ள ஒரு கதவாவது இருக்கும். வறுமை மனிதரைக் கொடியவராக்குவதில்லை. கொடுமை நடக்கும்போது விலகி நிற்க இடம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

சண்டை உள்ளேயிருந்து மட்டும் வருவதும் இல்லை. சட்டவிரோதமாகக் கடன் கொடுக்கும் 'ஆ லோங்' கும்பல் வசூலுக்கு வரும் விதம் சிங்கப்பூரர்களுக்குத் தெரியும். இரும்புக் கதவுக்குச் சங்கிலி, வாசலில் சிவப்புச் சாயம், சுவரில் 'கடன்பட்டாய், கட்டு' என்று பொருள்படும் நான்கு எழுத்துக் குறி. பள்ளிச் சீருடையோடு கதவைத் திறக்கும் பிள்ளை முதலில் பார்ப்பது அதைத்தான். யாரும் அவனைத் தொடவில்லை. மருத்துவச் சான்றிதழில் எழுத ஒரு காயமும் இல்லை. இனி லிஃப்ட் நின்று கதவு திறக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் நெஞ்சு ஒருமுறை நின்று துடிக்கும்.

அந்தச் சாயத்தை ஊற்றப் போய்ப் பிடிபட்டவர்களில் பதின்ம வயதினரும் இருந்திருக்கிறார்கள். சில நூறு வெள்ளிக்காக, இன்னொரு வாடகை வீட்டுப் பிள்ளையின் வாசலில் சாயம் ஊற்ற அனுப்பப்படும் பிள்ளை. 2010இல் சட்டவிரோதக் கடன் தொழிலுக்கான தண்டனைகள் கடுமையாக்கப்பட்டதற்குப் பின்னணியில் இந்தக் கவலையும் இருந்தது.

ஆ லோங் சில சமயம் பக்கத்து வீட்டுக் கதவிலும் சாயம் ஊற்றுவான். கடனே வாங்காத அந்த வீட்டுக்காரர் கடன்பட்டவர்மேல் ஆத்திரப்படுவார், மாடி முழுக்கப் பேச்சு நின்றுபோகும். கடனாளியைத் தனிமைப்படுத்தினால் அவன் சீக்கிரம் பணிவான் என்பது ஆ லோங் கண்டுகொண்ட உத்தி. அவன் குறிவைக்கும் அந்த அக்கம்பக்க உறவுதான் ஒரு பிள்ளையைக் காக்கும் மிகப் பெரிய சக்தி என்று ஆய்வுகள் சொல்கின்றன.

யார் தட்டிக் கேட்பார்கள்?

ராபர்ட் சாம்ப்ஸனும் இரு சக ஆய்வாளர்களும் 1997இல் சிகாகோவின் 343 வட்டாரங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களிடம் அவர்கள் கேட்டவை சாதாரணக் கேள்விகள். பள்ளிக்குப் போகாமல் பிள்ளைகள் தெருமுனையில் சுற்றினால் உங்கள் அக்கம்பக்கத்தார் கேட்பார்களா? சுவரில் சாயம் பூசினால் தடுப்பார்களா? வீட்டு முன்னால் சண்டை நடந்தால் விலக்குவார்களா? 'கேட்பார்கள்' என்ற விடை அதிகம் வந்த இடங்களில், ஏழைப் பகுதிகளிலும்கூட, வன்முறை குறைவாக இருந்தது. நம் ஊரில் இதற்குத் தனிக் கலைச்சொல் தேவைப்படவில்லை. "ஏன்டா, இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை? உன் அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்கும் ஒரு பாட்டி மாடிக்கு மாடி இருந்தாள்.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல சுமைகளோடு பிறந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் திறமையும் அன்பும் கொண்ட பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டது ஒன்று: குழந்தைப்பருவத்தில் அவர்களை விட்டுப் போகாத ஒரு பெரியவர். அது அம்மாவாகவோ அப்பாவாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. தாத்தா, அத்தை, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம்.

பதின்ம வயதுக்கு வந்துவிட்டால் நேரம் கடந்துவிட்டதா? சிகாகோவில் 'ஆண்மகனாதல்' என்று பொருள்படும் பெயரில் நடக்கும் பள்ளித் திட்டத்தின் முதல் பயிற்சியே இதற்கு விடை. பையன்களை இருவர் இருவராக நிறுத்தி ஒருவன் கையில் பந்தைக் கொடுப்பார்கள். 30 விநாடிக்குள் அதை அவனிடமிருந்து வாங்க வேண்டும். பையன்கள் விரலை முறுக்குவார்கள், கட்டிப் புரளுவார்கள். முடிந்ததும் வழிகாட்டி கேட்பார்: "பந்தைக் கொடு என்று ஏன் யாரும் கேட்கவில்லை?" கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டான் என்பார்கள். பந்து வைத்திருந்தவனிடம் திரும்பினால், "கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே" என்பான். கலங்கலான முகத்தைக் கோபம் என்று முடிவு கட்டும் அந்தப் பழைய பழக்கத்துக்கு ஒரு நொடி இடைவெளி கொடுக்கும் பயிற்சி இது. இத்திட்டம் நடந்த காலத்தில் பங்கேற்ற பையன்கள் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அதே நகரில் 2012இல் 1,634 இளையர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு எட்டு வாரக் கோடைகால வேலை தந்தார்கள். அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் கைதுகள் 43 விழுக்காடு குறைந்தன. குறைவின் பெரும்பகுதி வேலை முடிந்த பிறகு வந்தது. கையில் வந்த காசைவிட நீண்ட நாள் நின்றது வேறு ஏதோ ஒன்று.

சிங்கப்பூரும் கைவிலங்கை மட்டும் நம்பி இருக்கவில்லை. கும்பல் பக்கம் சாய்ந்த இளையர்களுக்கான ஆலோசனைத் திட்டமான ஸ்திரீட்வைஸ் 1997இல் தொடங்கியது. இந்தியப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியதைக் கண்டு 1991இல் எழுந்த சிண்டா, துணைப்பாட வகுப்போடு குடும்பங்களின் கதவையும் தட்டுகிறது. வாடகை வீட்டுக் குடும்பங்களுக்கான காம்லிங்க் திட்டம் 2019இல் முதலில் தொடங்கிய இடங்களில் ஜாலான் குக்கோவும் ஒன்று. வன்முறையைப் பற்றித் தெரிவிக்க 2021 முதல் 24 மணி நேரமும் இயங்கும் தேசியத் தொலைபேசி எண் இருக்கிறது: 1800 777 0000.

வீட்டை மாற்றிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 1990களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களை வைத்து நடந்த சோதனையில், நல்ல வட்டாரத்துக்குக் குடிபெயர்ந்த சிறு பிள்ளைகள் வளர்ந்தபின் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பதின்மூன்று வயதுக்குப் பிறகு மாறியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பழகிய முகங்களை விட்டுப் பிரிந்த இழப்பு ஆதாயத்தை விழுங்கியிருக்கலாம். சென்னையில் 2000 முதல் ஆற்றோரங்களிலிருந்து பெயர்த்துக் கண்ணகி நகரில் கொண்டுவிடப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளைக் கேட்டால் இது புரியும். பள்ளியும் வேலையும் தூரமாயின. ஊர்ப் பெயரைச் சொன்னாலே சந்தேகப் பார்வை விழுந்தது. சுவர் புதிதாக இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று தெரியவில்லை.

சுவரில்தான் இந்த அத்தியாயம் முடிய வேண்டும். அடுக்குமாடியில் குடியிருக்கும் எல்லாரும் ஒரு முறையாவது அதைக் கேட்டிருப்போம். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழும் சத்தம், ஓர் அலறல், பிறகு ஒரு குழந்தையின் அழுகை. நம் கை தன்னையறியாமல் ரிமோட்டைத் தேடும். அடுத்த வீட்டு விஷயம் என்று தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவோம். நமக்குக் கேட்ட சுவர் வழியாகவே, நாம் ஒலியைக் கூட்டியதும் அந்தப் பக்கம் கேட்கிறது. மூலையில் உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை, கலங்கலான முகத்திலும் கோபத்தைக் கண்டுபிடிக்கப் பழகிய பிள்ளை, அந்த ஒலிக்கும் பொருள் கண்டுபிடித்துவிடும்: யாரும் வரப்போவதில்லை.

அன்றிரவு அந்த உதவி எண்ணுக்கு அழைக்கலாம். மறுநாள் காலை லிஃப்டுக்காகக் காத்திருக்கும்போது, சீருடையில் நிற்கும் அந்தப் பிள்ளையைப் பார்த்து, "தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்கலாம். அதற்கு அடுத்த நாளும் கேட்கலாம்.